முருகைக்கல்லை மூடும் பாசியும் வயலிற் போடும் பசளையும்

நெல்லும் மரக்கறியும் செய்கை பண்ணுவோருக்கு முருகைக்கல்லைப் பற்றிய துண்டுப்பிரசுரம் எதற்கு என்று கமக்காரர் கேட்கலாம். வயலிலிருந்து வடியும் நீர் ஈற்றிற் கடலையே சேர்கின்றது. அந்நீரோடு செல்லும் பசளை அங்கும் ஒரு பயிரை வளர்க்கின்றது. அப்பயிர் பாசியாகும்.

முருகைக்கல் வெறுங் கல்லன்று. மிகச் சிறிய பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, தமக்கடியிற் சுண்ணாம்பைப் படியவைத்துக் கட்டிய வீடு அது. அப்பிராணிகளின் உடலினுள்ளே நுண்ணிய பாசியினங்கள் குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கி அவற்றிற்கும் கொடுக்கின்றன. ஆகவே பாசியனைத்தும் முருகைக்குப் பகையன்று. கெடுதி செய்வது வெளியே படரும் பாசியே. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது உள்ளே வாழும் பாசி நீங்கிவிட, முருகை வெளிறி, நாளடைவிற் பட்டினியால் மடிகின்றது. 1998ஆம் ஆண்டிற் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாரிலும் இக்கடுவையிலும் இவ்வகையிற் பெருஞ் சேதம் உண்டாயிற்று. 2016இலும் வெளிறல் மீண்டும் நேர்ந்தது. மடிந்த கல்லைப் பாசி விரைவில் மூடிக்கொள்ளும். மூடியபின் புதிய முருகைக் குஞ்சுகள் பற்றிக்கொள்ள இடமிராது.

கண்ணாடித் தொட்டியில் முருகை வளர்ப்போர் இதனை அண்மையிலிருந்தே காண்கின்றனர். பாசி படர்ந்த கிளையை அவர்கள் மென்மையான தூரிகையாற் துடைத்து, உயிருள்ள தசையிற் கீறல் விழாது காத்து, நீரோட்டமுள்ள இடத்தில் வைப்பர். பாசி தின்னும் நத்தைகளையும் விடுவர். இறந்த பகுதி உயிர்பெறாது. ஆனால் மாமரத்தின் வெட்டுக்காயத்தைப் பட்டை ஓரத்திலிருந்து மெல்ல மூடிவருதல் போல, உயிருள்ள தசை வெறுங் கல்லின்மேல் மீண்டும் படரும். தொட்டியை இருட்டாக்கிப் பாசியைக் கொல்ல முனைவதில் இடருண்டு, முருகைக்கும் ஒளி வேண்டுமாதலால். எவ்வளவு துடைத்தாலும், நீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் மிகுந்திருக்கும் வரை பாசி திரும்பவும் வரும். எனவே மீன்களுக்கு இடும் உணவைக் குறைத்து, நீரிற் பகுதியை அடிக்கடி மாற்றுவதே முதல் வேலை.

கடலை அவ்வாறு மாற்ற முடியாது. அங்கு செல்வதைக் குறைக்கவே முடியும்.

50 கிலோ யூரியா மூடையொன்றில் நைத்திரசன் 23 கிலோ உண்டு. நீர் நிற்கும் வயலில் இடும் யூரியாவிற் பாதிக்கும் குறைவான பங்கே பெரும்பாலும் பயிரைச் சேர்கின்றது. மிகுதி காற்றிலும் நீரிலும் போகின்றது. அதற்குக் கொடுத்த பணமும் உடன் போகின்றது. ஆதலால் யூரியாவை ஒரே முறையிற் கொட்டாது, பயிரின் பருவத்திற்கேற்பப் பிரித்திடல் வேண்டும். இடுமுன் நீரைக் குறைத்து, இட்டபின் வரம்பைப் பழுதின்றி வைத்து, வக்கடையை ஒரு வாரமேனும் திறவாதிருத்தல் நன்று. கடும் மழை வருமெனத் தோன்றினால் அன்று பசளை போடலாகாது. பொசுபரசு வேறு வகையிற் செல்லும். அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால், மண் கழுவப்பட்டால் அதுவும் கூடவே கழுவப்படும். மண் பரிசோதனையிற் பொசுபரசு போதுமெனக் கண்டால் மேலும் இடுதல் வீண்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெங்காய, மிளகாய்த் தோட்டக்காரர் இதனைத் தனியே கவனித்தல் வேண்டும். அங்கே செம்மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புக்கல் இருத்தலால், நைத்திரேற்று நீருடன் விரைவாகக் கீழிறங்குகின்றது. நிலத்தடி நீரோ கடலோரத்தில் ஊறி வெளிப்படுகின்றது; கீரிமலைக் கேணியைக் கண்டோருக்கு இது புதிதன்று. ஆனால் கடலுக்கு முன் அந்நீர் நமது கிணற்றிலே நிற்கின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்த நைத்திரேற்றுள்ள நீரிற் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். முருகையைக் காத்தற்கு நாட்டமில்லாதவரும் இக்காரணம் பற்றியேனும், மாட்டெருவையும் பசளையையும் கணக்கிட்டு இட்டு, சிறிதுசிறிதாக நீர் பாய்ச்சுவாராக.

பாசிக்குக் காரணம் பசளை ஒன்றே எனக் கமக்காரரைக் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. கடல் சூடேறுவதும், பாசி மேயும் கிளிமீன், ஓரா முதலியவற்றை அளவின்றிப் பிடிப்பதும், சுண்ணாம்புக்காகக் கல்லுடைத்தமையும் பெருங் காரணங்களாகும். எனினும் நமது பங்கு நமது வரம்பிலேயே உள்ளது. அடுத்த போகத்துக்குப் பசளை வாங்குமுன், தத்தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் மண் மாதிரியைக் கொடுத்துப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்துகொள்ளலாம்.