செம்மண்ணில் இரும்புப் பஞ்சம்: தொட்டி இட்லிப்பூ ஏன் மஞ்சளாகிறது?

பள்ளிப்பட்டில் வாசலிலோ மொட்டை மாடியிலோ நாலு தொட்டி வைத்திருக்கிற வீடுகளில், அதில் ஒன்று அநேகமாக இட்லிப்பூவாக இருக்கும். இலக்கியத்தில் அதற்கு வெட்சி என்று பெயர், முருகனுக்கு உகந்த பூ. இங்கே தெலுங்கு பேசுகிற வீடுகளில் நூறு வரஹாலு என்பார்கள். இரண்டு மொழியிலும் புகார் மட்டும் ஒன்றுதான்: வாங்கி வரும்போது கரும்பச்சையாக இருந்த செடி, ஆறு மாதத்தில் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது.

இதற்குக் கிடைக்கிற ஆலோசனைகளைக் கேட்டால் தலை சுற்றும். உரம் போதவில்லை, தண்ணீர் அதிகம், வெயில் அதிகம், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடு, எப்சம் உப்பு கரைத்து ஊற்று, துருப்பிடித்த ஆணியைப் புதை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு செடியின் ஏதோ ஒரு பிரச்சனைக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் மஞ்சள் என்பது நோயின் பெயர் அல்ல. மென்பொருள் வேலையில் 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு' என்று வருகிற புகார் மாதிரி அது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த இலை மஞ்சள்?

அடி இலை மட்டும் ஒன்றிரண்டு பழுத்து விழுகிறது, நுனியில் புது இலை பச்சையாக வருகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பசுமை மாறாச் செடி என்றால் இலை சாகாத செடி என்று அர்த்தம் இல்லை. எல்லா இலையும் ஒரே சமயத்தில் உதிர்வதில்லை, அவ்வளவுதான். நந்தியாவட்டை, அரளி எல்லாமே இப்படிப் பழைய இலையைக் கழித்துக்கொண்டேதான் இருக்கும்.

அடி இலைகள் நிறைய, முழுவதுமாக வெளிறிப்போய், செடியும் வளராமல் நின்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறும். மெக்னீசியம் குறைந்தாலும் பழைய இலையில்தான் தெரியும், நரம்புக்கு இடையே மஞ்சளாக. எப்சம் உப்பு அதற்குத்தான் மருந்து.

இரும்பு வேறு ஜாதி. ஒரு இலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து லேசில் கிளம்பாது. எனவே இரும்பு கிடைக்காதபோது பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும், நுனித் தளிர்தான் மஞ்சளாக வரும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி நிற்கும். முற்றினால் நரம்பும் வெளுத்து, இலை வெள்ளைத்தாள் போலாகி ஓரம் கருகும். எங்கள் ஊரில் நான் பார்த்த மஞ்சள் இட்லிப்பூ, செம்பருத்திச் செடிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஒரு சந்தேகம் உடனே வரும். தொட்டியில் இருப்பது செம்மண். அது சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால்தானே? அதில் நிற்கிற செடிக்கு எப்படி இரும்புப் பற்றாக்குறை?

சரியான கேள்வி, பதிலும் அதிலேயே இருக்கிறது. மண்ணில் இரும்பு இருக்கிறது, துருவாக. துரு தண்ணீரில் கரையாது, வேரால் கரைந்ததை மட்டுமே உறிஞ்ச முடியும். மண்ணின் பி.எச். அளவு ஒரு புள்ளி ஏறினால், கரைந்திருக்கும் ஃபெர்ரிக் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். 6-ல் இருந்த மண் 8-க்குப் போனால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் ஆணியைப் புதைத்து என்ன பயன்? துருக் குவியலில் இன்னும் கொஞ்சம் துரு.

செடியும் சும்மா இருப்பதில்லை. இட்லிப்பூ, செம்பருத்தி, மல்லி மாதிரியானவை இரும்பு கிடைக்காதபோது வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டுத் தன்னைச் சுற்றியிருக்கும் துருவைக் கொஞ்சம் கரைக்கும். பிறகு ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸ் ஆக மாற்றி உள்ளே இழுக்கும். தரையில் நிற்கும் செடி இப்படியே சமாளித்துவிடும். ஒரு பக்கம் சரியில்லையா, வேர் இன்னொரு பக்கம் போகும். தொட்டிச் செடிக்குப் போக இடமில்லை. அது விடுகிற அமிலத்தை உடனுக்குடன் முறிக்கிற ஒன்றை நாம் தினமும் காலையில் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருக்கிறோம்: போர் தண்ணீர்.

போர் தண்ணீரை 'உப்புத் தண்ணி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே வில்லன் சாப்பாட்டு உப்பு அல்ல, பைகார்பனேட். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டுகிறதே, அது கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சுண்ணாம்புக் கல்லாக மாறியது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போதும் அதே கதை, மெதுவாக நடக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட் அளவில்) என்று வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான எண் இல்லை. ஐஎஸ் 10500 குடிநீர்த் தரம் 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் வருடத்துக்கு 365 லிட்டர், அதில் சுமார் 110 கிராம் சுண்ணாம்புக் கல்லுக்குச் சமமான சரக்கு. கீழே தட்டு வைத்து ஒரு சொட்டும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிற வீடு என்றால் அத்தனையும் தொட்டிக்குள்ளேயே தங்கும். தினமும் கிள்ளு கிள்ளாகச் சுண்ணாம்பு தூவுகிறோம் என்று யாராவது சொன்னால் பதறுவோம். தண்ணீரில் கரைத்து ஊற்றுவதால் தெரியவில்லை.

இட்லிப்பூ முதலில் மாட்டிக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. அதன் சொந்த ஊர் தென்னிந்தியாவும் இலங்கையும்தான். ஆனால் அது பழகியது நல்ல மழை பெய்து, சுண்ணாம்பெல்லாம் அடித்துக்கொண்டு போன அமில மண்ணுக்கு. அரளி இந்த விஷயத்தில் கெட்டிக்காரி, சுண்ணாம்பு மண்ணிலும் பச்சையாக நிற்கும். ஒரே மாடி, ஒரே தண்ணீர், அரளி பச்சை, இட்லிப்பூ மஞ்சள் என்றால் சந்தேகத்தைத் தண்ணீர் பக்கம் திருப்பலாம்.

இதை வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. 1840-களில் பிரான்சில் எசேப் கிரி என்ற வேதியியலாளர் செய்தது. மஞ்சளான இலை மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தூரிகையால் தடவினார். தடவிய இடம் மட்டும் பச்சையானது. பச்சையத்துக்கு இரும்பு தேவை என்பது இப்படித்தான் தெரியவந்தது. பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது மெக்னீசியம், இரும்பு அல்ல. ஆனால் பச்சையத்தைத் தயாரிக்கும் பட்டறையில் இரும்பு இல்லாமல் வேலை ஓடாது.

அதே சோதனையை என் செடியில் செய்தேன். அன்னபேதி (ஃபெர்ரஸ் சல்பேட்) 5 கிராம், ஒரு லிட்டர் மழைநீர், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம். பஞ்சில் நனைத்து, மஞ்சளான ஒரு தளிரில் நடு நரம்புக்கு ஒரு பக்கம் மட்டும் தடவிவிட்டேன். ஒரு வாரத்துக்குள் தடவிய பாதியில் பச்சைத் திட்டுகள் வந்துவிட்டன, மறுபாதி அப்படியே மஞ்சள். நூற்றெண்பது வருடம் பழைய சோதனை மாடியில் வேலை செய்வதைப் பார்ப்பது தனி சந்தோஷம். பச்சை வரவில்லை என்றால் காரணம் வேறு, இரும்பை விட்டுவிட்டு வேரைப் பாருங்கள்.

அன்னபேதி உரக்கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் பாதி துருவாகிவிட்டது, வாங்காதீர்கள். மல்லி, நிலக்கடலை பயிரிடுகிறவர்களுக்கு இதைத் தெளிப்பது புதிதல்ல. ஆனால் தெளிப்பு முதலுதவி மட்டும்தான். இரும்பு நகராது என்று பார்த்தோமே, பட்ட இலை பச்சையாகும், அடுத்த வாரம் வருகிற தளிர் மறுபடி மஞ்சள். மண்ணில் கொட்டினாலும் அந்தச் சுண்ணாம்பில் சீக்கிரமே துருவாகிவிடும். அதனால்தான் கீலேட் இரும்பு என்று விற்கிறார்கள், இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிற மூலக்கூறு. அதிலும் மலிவான ஈடிடிஏ வகை, பி.எச். ஆறரைக்கு மேல் போனால் இரும்பைக் கைவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் தொட்டிகளுக்குத் தாங்குவது ஈடிடிஎச்ஏ வகை. விலை அதிகம், கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் டிஏபி போட்டுப் போட்டு அலுத்துப்போய், "போடப் போட மஞ்சளாகுதே தம்பி, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். ஆகத்தான் செய்யும். டிஏபியில் உள்ள பாஸ்பேட், மிச்சமிருக்கிற இரும்பையும் கட்டிப்போட்டுவிடும். முட்டை ஓடும் அப்படித்தான், அது கிட்டத்தட்ட முழுவதும் கால்சியம் கார்பனேட். அடுப்புச் சாம்பல் காரம். புது சிமென்ட் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிற வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போகிற மெஷினில், அந்த மூன்று லிட்டருக்குள் நாலு லிட்டரின் பைகார்பனேட் இருக்கும். அதை வீடு துடைக்க வையுங்கள், இட்லிப்பூவுக்கு வேண்டாம்.

அப்புறம் எந்தத் தண்ணீர்? மழைநீர்தான் முதல். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் தளிர்கள் தானாகவே பச்சையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல மழை தொட்டியைக் கொஞ்சம் கழுவிவிடுகிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது போட்ட குழாய் மாடியில் இருந்தால், அதிலிருந்து ஒரு டிரம்முக்குக் கிளை கொடுத்து, கொசு புகாமல் மூடி வைக்கலாம். கோடையில் இன்னொரு ஊற்று இருக்கிறது: ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் பைகார்பனேட் கிட்டத்தட்ட கிடையாது. ஒரு அறை ஏசி சொட்டுவதே மூன்று நான்கு தொட்டிக்குப் போதும்.

போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கலந்து ஊற்றலாம் என்பார்கள். உடனடியாக வேலை செய்யும். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்று அதைத் திரும்பப் பைகார்பனேட்டாகவே விட்டுவிடும், கடன் வாங்கிக் கடன் அடைப்பது போல. கந்தகத் தூள் நிஜமாகவே மண்ணை அமிலமாக்கும். அதையும் நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன, மாதக்கணக்கில். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மண் ரொம்பக் கெட்டிருந்தால் மழைக்கு முன் தொட்டியை மாற்றிவிடுவது சுலபம்.

தண்ணீரின் காரத்தன்மையை அளக்க டிடிஎஸ் மீட்டர் உதவாது, அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். மீன் தொட்டிக் கடையில் கேஎச் கிட் என்று ஒன்று விற்கிறது. நிறம் மாறும்வரை சொட்டு எண்ண வேண்டும், சொட்டுக்கு 18 மில்லிகிராம் என்று பெருக்கிக்கொள்ளலாம். 17 சொட்டு என்றால் மேலே சொன்ன 300.

வேர் அழுகலையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் இளசு, முதிர்ந்தது எல்லா இலையும் சேர்ந்து மஞ்சளாகும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தால் கருத்து, சாக்கடை வாடை அடிக்கும். அதற்கு அன்னபேதி தெளிப்பது வீண், அடித் துவாரத்தைத் திறந்து மண்ணை மாற்ற வேண்டும்.

தெளிப்பதாக இருந்தால் சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் இலை கருகும். தொட்டியைச் சுவரிலிருந்தும் டைல்ஸ் தரையிலிருந்தும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அன்னபேதிக் கறை துருக்கறை, என்ன தேய்த்தாலும் போகாது.