கொடுத்த காசும் கப்பல் சாப்பாடும்

கடல் கடந்து போனவன் திரும்பி வந்ததும் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு காலத்தில் நம் தேசத்துப் பெரியவர்கள் விதித்திருந்தார்கள். அந்த விதி எதற்காக ஏற்பட்டதென்று நமக்கு வெகு நாளாகப் புரியவில்லை. சென்ற ஏப்ரல் மாதம் சிங்கப்பூரில் ஓர் உல்லாசக் கப்பலில் ஏறி, நான்கு இரவு கழித்து இறங்கிய பிறகு ஒருவாறு புரிந்தது. முக்கியமாக வயிற்றுக்குத்தான் அந்தப் பிராயச்சித்தம் தேவைப்படுகிறது. கையில் ஏதாவது மிச்சமிருந்தால் பணப் பைக்கும் செய்யலாம்.

முன்னெல்லாம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவதற்காக ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். இப்பொழுதோ, கப்பலில் இருப்பதற்காகவே கப்பல் ஏறுகிறார்கள். இந்த விநோத வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பாலின் என்னும் ஜெர்மானியர். குளிர்காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்ட அதிகம் பேர் பிரியப்படாததால் அவருடைய கம்பெனியின் கப்பல்கள் சும்மா கிடந்தன. 1891 ஜனவரியில் 'அகஸ்டா விக்டோரியா' என்ற கப்பலில் 241 பிரயாணிகளை ஏற்றி, மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டி அழைத்து வந்தார். காலிக் கப்பலை நிரப்புவதற்காகப் பிறந்த தொழில் இது. இன்றைக்கும் அதன் சூட்சுமம் அதுதான். 2024-ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆப் தி ஸீஸ்' என்னும் ராட்சதக் கப்பலில் 7,600 பிரயாணிகள் வரை ஏறலாம். நமது பக்கத்தில் பல கிராமங்களுக்கு அவ்வளவு ஜனத்தொகை கிடையாது. இவ்வளவு அறைகளையும் வருஷம் முழுவதும் நிரப்பியாக வேண்டுமல்லவா? ஆகையால் கூட்டம் வராத சமயத்தில் விலை இறங்குகிறது. கூட்டம் வரும் சமயத்தில் ஏறுகிறது.

சிங்கப்பூரில் நீண்ட பள்ளி விடுமுறைகள் ஜூனிலும் வருஷக் கடைசியிலும் வருகின்றன. அந்நாட்களில் நாம் போய் நின்றால் விலை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சமுத்திர ராஜனுடைய மனநிலையையும் கவனிக்க வேண்டும். மலாக்கா ஜலசந்திக்குச் சுமத்ரா தீவு மதில் சுவர் மாதிரி நிற்பதால் அங்கே கப்பல் அதிகம் ஆடுவதில்லை. ஜலசந்தியைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் போய்விட்டாலோ, மே மாதத்தின் பாதியிலிருந்து தென்மேற்குப் பருவக் காற்று தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கிவிடும். இவ்விரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் ஏப்ரல் மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். முதல் நாள் மாலை சிங்கப்பூரில் புறப்பாடு. இரண்டாம் நாள் முழுதும் கடல். மூன்றாம் நாள் தாய்லாந்தின் புகெட் தீவு. நான்காம் நாள் பினாங்கு. ஐந்தாம் நாள் சிங்கப்பூர்.

பிரயாணத்தின் உண்மையான காரணம் பினாங்குதான். நமது மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது, நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் தாயாருடன் பாய் விரித்துப் படுத்துப் பினாங்குக்குப் போனவர். அங்கே ஒரு மளிகைக் கடையில் அவர் தகப்பனார் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகச் சென்னைக்கும் நாகைக்கும் மலேயாவுக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்தது. இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பிவிட்ட மாமியார், "செத்துப் போவதற்கு முன் ஒரு தடவை அந்த ஊர் மண்ணை மிதிக்க வேண்டும்" என்று சொல்லாத பண்டிகை நாள் கிடையாது.

ஆகவே நான்கு பேர் புறப்பட்டோம்: மாமியார், அவருடைய புத்திரரான நமது மைத்துனர், நமது சகதர்மிணி, நாம். மைத்துனர் தணிக்கைக் கணக்கர். கணக்கில் காலணா தவறினாலும் ராத்திரி தூங்க மாட்டார். விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணம் வேறு, நாம் கொடுக்கப்போகும் கட்டணம் வேறு என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவரே. ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பதுதான் விளம்பர விலை. தனி ஆளாகப் போனால் பெரும்பாலும் இரண்டாமவர் பங்கில் கணிசமான பகுதியும் நம் தலையில்தான். துறைமுக வரி தனி. சிப்பந்திகளுக்கு 'இனாம்' தனி. இனாம் என்று பெயரே தவிர, தினந்தோறும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறிவிடுகிறது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது டாலர் வரை வசூலிக்கின்றன. பதினாறு என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு பேருக்கு நான்கு இரவில் 256 டாலர்! பானங்கள் தனி, படம் பிடித்தால் தனி, இண்டர்நெட் தனி. கரையை விட்டு அகன்றதும் செல்போனை விமான நிலையில் வைத்துவிட வேண்டும். மறந்தால் கப்பலின் சொந்தத் தொடர்பு அதைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்து வரும் "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்கெல்லாம் சர்வதேசக் கட்டணம் போட்டுவிடும்.

இவ்வளவு கணக்குப் பார்த்தவருக்கும் சகதர்மிணிக்கும் இரண்டு விஷயங்களில் சண்டை வந்தது. சன்னல் இல்லாத உள்ளறைதான் மலிவு. எல்லா அறைக்காரர்களுக்கும் சாப்பாட்டு மண்டபம் ஒன்றுதானே என்பது மைத்துனர் கட்சி. நமக்கு அது சம்மதமே. ஆனால் "அம்மாவுக்குச் சன்னல் வேண்டும், நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் வேண்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு" என்று சகதர்மிணி ஒரே பிடிவாதமாக நின்றாள். இரண்டாவது, இன்ஷூரன்ஸ். நம் ஊர் வைத்தியச் செலவுக்காக எடுத்திருக்கும் பாலிஸி பெரும்பாலும் வெளிநாட்டிலும் கப்பலிலும் செல்லாது. பிரயாண இன்ஷூரன்ஸிலும், முன்பே உள்ள வியாதியைச் சொல்லாமல் மறைத்தால் கைவிரித்துவிடுவார்கள். சர்க்கரை வியாதியை எழுதிக் கொடுத்ததும் மாமியாருடைய பிரீமியம் மளமளவென்று ஏறிற்று. மைத்துனர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார். தமக்கையிடம் அவருக்குப் பயம் உண்டு, பணத்தைக் கட்டினார்.

கப்பல் ஏறியதும் அந்தப் பணத்தை வேறு வழியில் மீட்கத் தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. மொத்தக் கட்டணத்தை வேளைகளால் வகுத்து, வேளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கண்டுபிடித்தார். பிறகு அந்தத் தொகைக்குச் சாப்பிடத் தொடங்கினார். சைவச் சமையல் ஒரு பக்கம், சீனச் சமையல் ஒரு பக்கம், இத்தாலி தேசத்து மாவுப் பண்டங்கள் ஒரு பக்கம். ஒன்றையும் அவர் அவமதிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஐஸ்கிரீமுடன் எதிர்ப்பட்டவரை, "என்னப்பா இது?" என்று கேட்டோம்.

"கொடுத்த காசு ஜீரணமாக வேண்டாமா, அத்தான்?" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அவருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கடல் மயக்கம் என்று சொல்லி ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டார். கடல் மயக்கத்துக்கு இஞ்சி நல்லதுதான். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு காற்றோட்டமாக நிற்பதும் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு ஜலசந்தி எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. "வைத்தியரிடம் போகலாம் வா" என்றோம்.

"வேண்டாம், அத்தான். சொன்னால் அறைக்குள் போட்டு அடைத்துவிடுவார்கள். நாளைக்குப் புகெட் தீவைச் சுற்றிப் பார்க்கப் பணம் கட்டியாயிற்று. அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்" என்று கெஞ்சினார். நாமும் பேசாமல் இருந்துவிட்டோம். இதை எழுதும்போது நமக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரைப் பிடித்தது பெருந்தீனி மட்டுமன்று. நோரோ என்றொரு வைரஸ் இருக்கிறது. அமெரிக்காவில் நார்வாக் என்னும் ஊரில் 1968-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் பரவியதைக் கொண்டு அடையாளம் காணப்பட்டதால் அந்தப் பெயர். கண்ணுக்குத் தெரியாத அணுக்களில் மிகச் சில உள்ளே போனாலே போதும். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆளைக் கவிழ்த்துவிடும். கப்பல்களின் மேல்தான் இதற்காகப் பழி சுமத்துகிறோமே தவிர, அமெரிக்கக் கணக்குப்படி இந்நோய் கூட்டமாகப் பரவும் சந்தர்ப்பங்களில் நூற்றில் ஒன்றுதான் கப்பலில் நேர்கிறது. மைத்துனரும் சிங்கப்பூரிலேயே அதைச் சம்பாதித்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். ஆனால் கப்பலில் ஒரே கைப்பிடியை, ஒரே லிப்ட் பொத்தானை, ஒரே பரிமாறும் கரண்டியை ஆயிரக்கணக்கான பேர் தொடுகிறார்கள். வாசலுக்கு வாசல் கையில் தெளித்துக்கொள்ள ஒரு சாராய மருந்து வைத்திருக்கிறார்களே, அதைக் கண்டு இந்த வைரஸ் அதிகமாகப் பயப்படுவதில்லை. சோப்பும் தண்ணீரும் கொண்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால்தான் போகிறது. சாப்பாட்டு மண்டபத்துக்குள் நுழையுமுன் கழுவவேண்டும். நாமே கரண்டி பிடித்துப் பரிமாறிக்கொண்டால், உட்கார்ந்து சாப்பிடுவதற்கு முன் இன்னொரு முறை கழுவவேண்டும். மேஜைக்கே கொண்டு வந்து பரிமாறும் மண்டபத்துக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணமில்லை. கரண்டிக்கும் கூட்டத்துக்கும் தப்பலாம். தட்டில் விழும் அளவும் குறையும்.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதார இலாகா முன்னறிவிப்பின்றிச் சோதித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க்குப் போட்டுப் பகிரங்கமாக வெளியிடுகிறது. 85 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் தோல்வி. நம் பையன்களுக்கு இவ்வளவு கண்டிப்பான பரீட்சை கிடையாது. ஆயினும் கப்பல் நூறு மார்க்கு வாங்கியிருந்தாலும், நோயை மறைக்கும் பிரயாணியை அதனால் என்ன செய்ய முடியும்? 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்ஸஸ்' கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். எழுநூறு பேருக்கு மேல் கொரோனா தொற்றிற்று. அது வேறு வியாதி. நாலு சுவருக்குள் நெருங்கி வாழும் வாழ்க்கை மட்டும் ஒன்றே.

மூன்றாம் நாள் புகெட். அங்கே கப்பல் கடலிலேயே நின்றுவிட, சிறு படகில்தான் கரைக்குப் போனோம். வயதானவர்களுக்கு அந்தப் படகில் இறங்குவது எளிதல்ல. மாமியாரும் சகதர்மிணியும் கப்பலிலேயே இருந்துவிட்டார்கள். மைத்துனர் வெளிறிய முகத்துடன் தாம் பணம் கட்டிய பஸ்ஸில் ஏறிச் சென்றார். நாம் தனியே கடற்கரையில் உலாவிவிட்டு, இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறதென்று நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தாய்லாந்துக் கடிகாரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்தங்கியது. கரையைத் தொட்டதும் நமது செல்போன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளூர் மணிக்கு மாறிக்கொண்டுவிட்டது. கப்பலோ சிங்கப்பூர் மணிப்படி புறப்படுகிறது! நல்லவேளை, மணிக்கட்டிலிருந்த பழைய கடிகாரம் எச்சரித்தது. ஓடிய ஓட்டத்தை விவரிக்க வேண்டாம். கப்பல்காரர்களே அழைத்துப் போகும் கூட்டத்துக்காக அவர்கள் காத்திருப்பார்கள். தனியாகப் போனவன் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் போய்ச் சேரவேண்டியதுதான்.

மூச்சிரைக்க அறைக்கு வந்தால், மாமியார் படுத்திருந்தார். மகனுடன் ஒரே அறையில் தங்கி, ஒரே குளியலறையை உபயோகித்தவர் அல்லவா? எட்டு முறை போய்விட்டதாகச் சகதர்மிணி சொன்னாள். நாக்கு வறண்டிருந்தது, கூப்பிட்டால் பதில் தாமதித்து வந்தது.

கப்பல் வைத்தியர் ஒரு பிலிப்பைன்ஸ் அம்மாள். நாடியைப் பார்த்தார், சர்க்கரையைப் பார்த்தார், கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார். "இந்த அறையில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். மைத்துனர் தலைகுனிந்து உண்மையைச் சொன்னார். "நேற்றே சொல்லியிருக்கலாமே!" என்றதற்கு மேல் அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு முழுதும் இரண்டு மணிக்கொரு தரம் வந்து பார்த்தார். கிழவியின் நிலை மோசமானால் ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியிருக்கும் என்று கோடி காட்டினார். அதன் செலவு பல்லாயிரம் டாலர் என்பது நமக்குத் தெரியும். கட்டிய பிரீமியம் அந்த ராத்திரியில் நம் எல்லோருக்கும் அற்பத் தொகையாகத் தோன்றிற்று.

விடியற்காலையில் மாமியார் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். சகதர்மிணி ஊரிலிருந்து கைப்பையிலேயே கொண்டு வந்திருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தோம். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா சூறையாடியபோது, சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் பீப்பாய் பீப்பாயாகக் கரைத்துக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களை மீட்ட மருந்து அது. நம் நாட்டு வைத்தியர் ஒருவர் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டிய அந்தப் பொட்டலத்துக்கு விலை சில ரூபாய்தான். மாத்திரைகளையும் இதையும் பெட்டியில் வைத்துக் கூலியாளிடம் கொடுத்துவிடக் கூடாது. பெட்டி அறைக்கு வந்து சேரச் சில சமயம் ராத்திரியாகிவிடுகிறது.

உயிருக்கு அபாயம் நீங்கிவிட்டது. ஆனால் அறையை விட்டு வெளியேறக் கூடாதென்று உத்தரவு. கப்பல் பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டப்பட்டபோது காலை எட்டு மணி. அந்தத் துறையிலிருந்து ஊருக்குள் போக வண்டிகூட வேண்டாம். கோட்டையும், இந்தியர் கடைத்தெருவும், 1833-ல் எழுந்த மாரியம்மன் கோவிலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய ஊர் என்று மைத்துனர் மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த ஊர்.

அவர் இறங்கவில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்கும் போகவில்லை. கணக்கை முடிக்கக் கீழே போன நாம், வைத்தியர் உத்தரவால் அறையில் அடைபட்டவர்களுக்குக் கப்பலின் சுற்றுலாப் பணத்தை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம் என்று தெரிந்துகொண்டு வந்தோம். அதை அவரிடம் அப்போது சொல்ல மனம் வரவில்லை.

தலையணைகளை அடுக்கி மாமியாரைச் சன்னலோரம் சாய்த்து உட்கார வைத்தோம். எதிரே, விக்டோரியா மகாராணி ஆண்ட வருஷத்துக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி உயரத்துக்குக் கட்டிய மணிக்கூண்டு வெயிலில் வெள்ளையாக நின்றது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கேயேதான் இருக்கிறது" என்றார் மெல்லிய குரலில். "அப்போது ரொம்ப உயரமாக இருந்தது."

மைத்துனர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி உப்பு நீரை அவர் வாயருகே கொண்டுபோனார்.