விசிறி பூட்டிய பந்தயக் கார்

கொதிக்கும் தேநீரை அவசரமாக அருந்த வேண்டியவர் என்ன செய்கிறார்? கோப்பையிலிருந்து அகன்ற தட்டில் ஊற்றி, வாயால் ஊதுகிறார். பரப்பு விரிந்தால் வெப்பம் விரைவில் அகலும். காற்று வீசினால் இன்னும் விரைவில் அகலும். மோட்டார்க் காரின் முகப்பிலுள்ள றேடியேற்றர் செய்யும் வேலையும் இதுவே. எஞ்சினைச் சுற்றிவந்து சூடேறிய நீர் மெல்லிய குழாய்களின் வழியே ஓட, அவற்றோடு ஒட்டிய எண்ணற்ற உலோகத் தகடுகள் அவ்வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன.

எரிபொருளில் அடங்கிய சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது வெப்பமாகப் புகையோடும் நீரோடும் வெளியேற வேண்டும். அப்படியாயின், 500 பரிவலுவுக்கு மேல் தரும் பந்தயக் கார் எஞ்சினைக் குளிரவைப்பது சிறு காரியமன்று. றேடியேற்றரைப் பெரிதாக்கினால் எதிர்க்காற்று காரைத் தடுக்கும். சிறிதாக்கினால் நீர் கொதித்து எஞ்சின் பழுதாகும். இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததுதான் 1978ஆம் ஆண்டில் மோட்டார்ப் பந்தய உலகையே கலக்கிய ஒரு கார்.

அதனை வகுத்தவர் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரிற் பிறந்த கோர்டன் மரே. பேர்ணி எக்கிள்ஸ்ரன் என்பவருக்குச் சொந்தமான பிறபம் என்னும் ஆங்கிலப் பந்தயக் குழுவின் பொறியியலாளர் அவர். பி.ரி. 46 என்ற புதிய காரை வகுத்தபோது, றேடியேற்றரையே அடியோடு நீக்கிவிட எண்ணினார். காரின் உடலோடு ஒட்டித் தட்டையான உலோகப் பலகைகளைப் பதித்து, அவற்றினுள் நீரை ஓடவிட்டால், காரின் மேற்பரப்பே வெப்பத்தைக் கழித்துவிடுமன்றோ?

எண்ணம் புதியதன்று. 1931இல் சினைடர் விருதை வென்ற பிரித்தானிய நீர்விமானத்தின் சிறகுகளே அதன் றேடியேற்றராகவும் இருந்தன. ஆயின் விமானத்தின் சிறகு எவ்வளவு அகலம், காரின் விலா எவ்வளவு அகலம்! வேகமும் வேறு. பரீட்சை ஓட்டத்தில் பலகைகள் போதவில்லை. எஞ்சின் மிதமிஞ்சிச் சூடேறியது. மரே பலகைகளைக் கழற்றிவிட்டு, காரின் மூக்கிலே வழக்கமான றேடியேற்றர்களைப் பொருத்த வேண்டியவரானார். அக்கோலத்திலேதான் அக்கார் 1978 மார்ச்சில் தென்னாபிரிக்கப் பந்தயத்தில் முதன்முதலாக ஓடியது.

அதே ஆண்டில் லோட்டஸ் குழுவினர் வேறொரு வித்தை செய்தனர். லோட்டஸ் 79 என்ற காரின் அடிப்பாகத்தை, தலைகீழாய்த் திருப்பிய விமானச் சிறகு போல் அமைத்தனர். காரின் கீழே விரைந்தோடும் காற்றின் அமுக்கம் குறைய, மேலேயுள்ள வளிமண்டல அமுக்கம் காரை வீதியோடு அழுத்திப் பிடித்தது. வளைவுகளில் அதனை எவராலும் எட்ட முடியவில்லை. பிறபம் குழுவால் இதைப் பின்பற்றவும் இயலாது. ஏனெனில் அவர்களது அல்பா றோமியோ எஞ்சினில் பன்னிரண்டு சிலிண்டர்கள் பக்கத்துக்கு ஆறாகப் படுத்துக் கிடந்தன. காற்று செல்ல வேண்டிய வழியை எஞ்சினே அடைத்துக்கொண்டது.

மரே பந்தய விதிகளைப் புரட்டினார். காற்றினால் காரை அழுத்துவதற்கென அமைந்த எந்த உறுப்பும் அசையக்கூடாது என்பது விதி. ஆனால் அவ்வுறுப்பின் பிரதான நோக்கம் வேறாயிருந்தால்? கைதேர்ந்த அப்புக்காத்து ஒருவரே விதியை இத்தனை நுணுக்கமாக வாசித்திருப்பார்! றேடியேற்றரை எஞ்சினின் மேலே கிடையாகப் படுக்க வைத்து, காரின் பின்புறத்தில் பெரிய விசிறியொன்றைப் பூட்டினார். எஞ்சினையும் காரின் அடிப்பாகத்தையும் சூழ இருந்த இடைவெளிகள் வீதியைத் தொடும் தடுப்புப் பட்டிகளால் அடைக்கப்பட்டன. விசிறி றேடியேற்றரின் ஊடாகக் காற்றை இழுத்தது. அதே மூச்சில் காரின் அடியிலிருந்த காற்றையும் உறிஞ்சி வெளியே தள்ளியது. முன்னது குளிரூட்டல், பின்னது வெற்றியின் சூட்சுமம்.

லோட்டஸ் கார் விரைந்தோடினாற்றான் அழுத்தம் பெறும். பிறபத்தின் விசிறியோ கியர்ப் பெட்டியோடு இணைந்திருந்தது. எஞ்சின் சுழலும் வேகத்தைப் பொறுத்து அதுவும் சுழலும். நின்றவிடத்தில் எஞ்சினை முடுக்கினாலும் கார் குந்துவது போல் தாழ்ந்தது. அமெரிக்கரான ஜிம் ஹோல் 1970இலேயே இருவிசிறிக் காரொன்றை ஓடவிட்டு, அது தடைசெய்யப்பட்டதும் மரே அறியாததன்று. ஆயின் அந்த விசிறிகளுக்குக் குளிரூட்டும் நோக்கம் இருக்கவில்லை.

1978 யூன் 17ஆந் தேதி, சுவீடனில் அண்டர்ஸ்டோர்ப் பந்தயத் திடல். விசிறியைப் பிறர் காணாதபடி குப்பை வாளி மூடியொன்றால் மறைத்து வைத்திருந்தனர். தகுதிகாண் ஓட்டத்தில் உண்மை வேகம் வெளிப்படாதிருக்க, எரிபொருளை நிறைய நிரப்பிக் கார்களைப் பாரமாக்கினர். பந்தயத்தில் லோட்டஸ் சாரதி மாரியோ அண்ட்ரெற்றி முந்திச் சென்றார். நிக்கி லௌடா பின்தொடர்ந்தார். 1976இல் தீயில் வெந்து உயிர்தப்பி, ஆறு வாரங்களில் மீண்டும் காரேறிய அதே லௌடாதான். இடையில் வேறொரு காரிலிருந்து எண்ணெய் ஒழுகி வீதி வழுக்கியது. மற்றவர்கள் தடுமாற, லௌடாவின் கார் வீதியைக் கௌவிப் பிடித்தவாறு முந்தியது. அண்ட்ரெற்றியின் எஞ்சின் பின்னர் பழுதாயிற்று. லௌடா 34 விநாடிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார்.

மற்றைய குழுக்கள் கொதித்தெழுந்தன. விசிறி கல்லையும் மண்ணையும் பின்னால் வருவோர்மீது வீசுகிறது என்றனர். அச்சம் அதுவன்று, தங்கள் கார்கள் யாவும் ஒரே நாளில் பழம்பொருளாகிவிடுமே என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எக்கிள்ஸ்ரன் அப்போது பந்தயக் குழுக்களின் சங்கத்துக்கும் தலைமை தாங்கிவந்தார். ஒரு வெற்றிக்காகச் சங்கம் உடைவதை அவர் விரும்பவில்லை. காரைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பின்னர் பந்தய நிர்வாகமும் விசிறிக் கார்களைத் தடைசெய்தது. சுவீடனில் பெற்ற வெற்றி மாத்திரம் செல்லுபடியாயிற்று. உலகச் சம்பியன்ஷிப்பில் ஒரேயொரு முறை ஓடி, அந்த ஒரு முறையும் வென்ற கார் அது. அவ்வாண்டின் உலகப் பட்டம் அண்ட்ரெற்றிக்கே கிடைத்தது.

மரே மட்டும் விசிறியை மறக்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2020இல், தம் சொந்த நிறுவனத்தின் ரி. 50 என்ற காரை வெளியிட்டார். வீதியில் ஓடுவதற்கான அக்காரின் பின்புறத்தில், நட்ட நடுவே, 400 மில்லிமீற்றர் விட்டமுள்ள விசிறியொன்று சுழல்கின்றது. அதன்மேல் எந்த மூடியும் இல்லை.