சிலிர்ப்பு வேறு, சத்தம் வேறு

மாசி, பங்குனி வந்துவிட்டால் மானகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் காதுக்கு ஓய்வில்லை. காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், குன்றக்குடியில் பங்குனி உத்திரம், இடையிடையே கல்யாணங்கள். ஒரு பக்கம் நாகஸ்வரமும் தவிலும், மறுபக்கம் ரேடியோ செட். சத்தம் கூடினால்தான் பாட்டு உடம்பில் இறங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் காதைக் கெடுக்கிறது.

மயிர்க்கூச்செறியும் நேரம்

ஆலாபனை படிப்படியாக ஏறி, நாம் காத்திருந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது. கை மயிர் நிமிர்கிறது, தொண்டை அடைக்கிறது, சிலருக்குக் கண் கலங்கிவிடுகிறது. இந்த நேரத்தில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். உச்சம் வருவதற்கு முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று மனம் காத்திருக்கும்போதே, மூளையின் ஒரு பகுதியில் அது சுரக்கத் தொடங்கிவிடுகிறது. உச்சம் வந்ததும் இன்னொரு பகுதியில் சுரக்கிறது. பழகிய பாட்டு நம்மை அதிகம் உருக்குவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

திடீரென ஒலி எழுவதும் சிலிர்க்க வைக்கும். ஆனால் அதற்குமுன் ஒலி தணிந்திருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்தே இரைச்சலாக இருந்தால் எழுவதற்கு இடம் ஏது?

இதயமும் மூச்சும்

வேகமான தாளம் நாடித்துடிப்பையும் மூச்சையும் கூட்டும், நிதானமான இசை தணிக்கும். 2006-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், பாட்டுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் மௌனம் விட்டபோது இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கேட்கத் தொடங்கும் முன் இருந்ததைவிடவும் இறங்கின. தொடர்ந்து ஓடும் பாட்டுப் பட்டியலை அவ்வப்போது நிறுத்திப் பாருங்கள்.

குன்றக்குடியில் 1935-இல் பிறந்த வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன், ராக ஆராய்ச்சி மையம் நிறுவி இசை மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டியவர். அறுவை சிகிச்சைக்கு முன் ஏற்படும் பதற்றத்தை இசை குறைக்கும் என்பதற்கு இன்று ஆய்வுச் சான்று உண்டு. அதற்காக, இந்த ராகம் சர்க்கரையைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

அழவைக்கும் பாட்டு

துக்கம் நடந்த வீட்டில், போனவருக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு அழுவது நோயல்ல. அழுதபின் மனம் லேசானால் நல்லதே. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, அதே பாட்டோடு ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் துணைக்கு ஆள் வேண்டும். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

காது எவ்வளவு தாங்கும்?

உட்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் ஏறத்தாழ 15,000. அழிந்தால் மீண்டும் முளைக்காது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். 100 டெசிபல் ஆனால் வாரத்துக்கே 20 நிமிடம். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு, அவர்களை ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே உட்கார விடாதீர்கள். இயர்போனில் ஒலியை 60 சதவீதத்துக்குள் வையுங்கள். தினமும் தவிலோடு இருக்கும் கலைஞர்கள் ஆண்டுக்கொரு முறை செவித்திறனைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

திருவிழா முடிந்து மறுநாளும் காதில் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விடுங்கள், தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறையும்.