ஸ்டார்ட் பட்டன் எங்கே போச்சு? விண்டோஸ் புது முகம் போட்டால் டிடிபி கடைக்காரர்கள் கடுப்பாவது ஏன்?

தாம்பரம் ரயில் நிலையத்தில் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் சர்வீஸ் என்று போர்டு மாட்டிய சின்னக் கடைகளைத் தாண்டாமல் போக முடியாது. பல கடைகளில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரின்டர், ஒரே ஆள். ஹால் டிக்கெட், வில்லங்கச் சான்று, வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாமே அந்த ஒரு மவுஸ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

அந்த கம்ப்யூட்டரின் முகம் ஒரே ராத்திரியில் மாறினால்?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால், விண்டோஸ் 11 வந்து பல வருடமாகியும் அதைத் தள்ளிப்போட்டு வந்தவர்கள்கூட மாற வேண்டிய நிலை. மாறியவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் மாத்துனாங்க?”

இதை ‘புதுசைக் கண்டால் பயம்’ என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால், எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது.

கை தேடும் மூலை

1995-ல் விண்டோஸ் 95 வந்தது முதல் ஸ்டார்ட் பட்டனின் இடம் திரையின் இடது கீழ் மூலை. மூலை என்பதில் ஒரு வசதி உண்டு. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்புக்குறி திரையின் ஓரத்தைத் தாண்டாது, அங்கேயே நின்றுவிடும். குறி பார்க்க வேண்டியதில்லை. கண் கஸ்டமரைப் பார்த்துக்கொண்டிருக்க, கை தானாக வேலையை முடித்துவிடும். ஓர் இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே கை அதை எட்டும் நேரம் அமையும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 அந்தப் பட்டனை நடுவே கொண்டுவந்தது. பார்க்க அழகுதான். சிக்கல் என்னவென்றால், புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது டாஸ்க்பாரில் ஐகான் ஒன்று கூடி, மொத்த வரிசையும் கொஞ்சம் இடது பக்கம் நகரும். ஸ்டார்ட் பட்டனும் சேர்ந்து நகரும். பஸ் ஸ்டாப்பைத் தினமும் பத்தடி தள்ளித் தள்ளி வைப்பது மாதிரி. கைப்பழக்கம் உருவாகவே வழியில்லை.

ரைட் கிளிக் மெனுவிலும் இதே கதை. கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் ஆரம்பத்தில் எழுத்தில்லாத குட்டிப் படங்களாகிவிட்டன. பழைய மெனுவில் இருந்த பல விஷயங்கள் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற வரிக்குள் போய்விட்டன. கூடுதலாக ஒரு கிளிக், அவ்வளவுதானே என்று தோன்றலாம். நாளைக்கு நூறு முறை ரைட் கிளிக் செய்பவருக்கு அது நூறு கிளிக்.

போட்டோவை இழுத்துவந்து டாஸ்க்பாரில் இருக்கும் போட்டோஷாப் ஐகான் வழியாக அதன் விண்டோவில் விடும் வசதியும் ஆரம்பத்தில் இல்லை. 2022-ல்தான் திரும்ப வந்தது. திறந்திருக்கும் ஃபைல்களின் பெயர்களை டாஸ்க்பாரில் தனித்தனியாகக் காட்டும் வசதிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் சேலையூர் வீட்டு ஒப்பந்தம், யாரோ ஒருவரின் பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என்று நாலைந்து ஃபைல்கள் திறந்து வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. தவறான ஃபைலை பிரின்ட் கொடுத்தால் பேப்பர் காசு யார் தருவது?

பின்வாங்கிய வரலாறு

பயனாளர்களின் கோபம் வீண் போனதில்லை. 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்ப, அடுத்த வருடமே 8.1-ல் பட்டன் திரும்பியது. 2015-ல் விண்டோஸ் 10-ல் மெனுவும் திரும்பியது. லினக்ஸிலும் இதே கூத்துதான். உபுண்டு 2011-ல் ‘யூனிட்டி’ என்ற புது முகத்தை முன்னிறுத்தியது, 2017-ல் கைவிட்டது. ஆப்பிள் 2025-ல் மேக்கில் கண்ணாடி போன்ற ‘லிக்விட் கிளாஸ்’ தோற்றத்தைக் கொண்டுவந்தது. எழுத்து சரியாகத் தெரியவில்லை என்ற புகார்களுக்குப் பிறகு, கண்ணாடித்தன்மையைக் குறைக்கும் ஆப்ஷனை அதே வருடம் சேர்த்தது.

கைப்பழக்கத்தின் பலத்துக்கு நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்த கையோடு, ‘தமிழ்99’ விசைப்பலகையைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. கற்க எளிது, விரலுக்கும் வேலை குறைவு. ஆனாலும் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்தவர்கள் பழைய டைப்ரைட்டர் முறையிலேயே அடிக்கிறார்கள். அவர்களுக்கு வேகம் அதில்தான். புதுசு நல்லதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை.

லினக்ஸ் பக்கம் போகலாமா?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ம் தலைமுறை பிராசஸரும் தேவை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின்கள் இந்தப் பட்டியலில் வராது. ஆனால், அந்த லேப்டாப்கள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வந்தவை. அதை உருவாக்கியது சென்னை சிடாக். அதன் பின்னணியில் இருந்த கட்டற்ற மென்பொருள் மையத்தின் ஒரு பாதி இயங்கியது குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில்; தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம்.

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் மெனு இன்றும் இடது கீழ் மூலையில்தான். பழைய விண்டோஸின் சாயல் புது விண்டோஸைவிட அங்கே அதிகம். பிரவுசரிலேயே முடியும் ஆன்லைன் விண்ணப்ப வேலைகளுக்கு அது போதும். ஆனால் பேஜ்மேக்கர், போட்டோஷாப்பை நம்பியிருக்கும் டிடிபி கடைக்கு அது சரிப்படாது. அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது.

விண்டோஸ் 11-தான் என்று முடிவானால், செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் போய், அலைன்மென்ட்டை ‘லெஃப்ட்’ என்று மாற்றினால் ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துவிடும். அதே இடத்தில் ‘கம்பைன்’ என்பதை ‘நெவர்’ ஆக்கினால் ஃபைல் பெயர்கள் தெரியும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும்.

இன்னும் யோசிக்க வேண்டும் என்பவர்கள், வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எப்படியும் டிஎன்பிஎஸ்சி கடைசி தேதி வாரத்தில் மட்டும் அப்டேட் பட்டனைத் தொட வேண்டாம். அப்கிரேடு செய்துவிட்டு ஒத்துவரவில்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி பகுதியில் ‘கோ பேக்’ இருக்கும். அதற்குக் கிடைக்கும் அவகாசம் வழக்கமாக 10 நாள்.