டிரையத்லான்: நீரிலுள்ள ஆபத்தும் வீரருக்குள்ள உரிமையும்

நீச்சல், சைக்கிள் ஓட்டம், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இடம்பெற்றது. 2019இல் கோவாவின் பணஜியில் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் கொண்ட ‘அயர்ன்மேன் 70.3’ போட்டி தொடங்கியபின், வேலைக்குச் சென்றுகொண்டே பயிற்சி செய்யும் இந்திய அமெச்சூர் வீரர்களுக்கும் இது எட்டக்கூடிய இலக்காகிவிட்டது. இவர்களுள் பலர் விலையுயர்ந்த சைக்கிளுக்கே பெரும்பணத்தைச் செலவிடுகின்றனர். ஆனால் இவ்விளையாட்டில் உயிருக்கு நேரும் ஆபத்தின் பெரும்பகுதி சாலையில் இல்லை, நீரில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் போட்டிகளில் நேர்ந்த மரணங்களையும் இதயத்துடிப்பு நின்ற நிகழ்வுகளையும் தொகுத்த ஆய்வு, மொத்தம் 135 நிகழ்வுகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை எனக் காட்டியது. பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது ஏறத்தாழ 47. அவர்களில் 85 விழுக்காட்டினர் ஆண்கள். உடற்கூறாய்வு செய்யப்பட்டவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு, அதுவரை வெளிப்படாதிருந்த இதயக் கோளாறு இருந்தது. ஆகவே நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நேர்ந்தவர்களும், பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவர்களும், பதிவுக்கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இதயநோய் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

குளத்தில் கோடு பார்த்து நீந்திப் பழகியவருக்கு, அலையும் கலங்கலும் நெரிசலும் உள்ள திறந்தவெளி நீர் முற்றிலும் வேறானது. மிதப்பைக் கூட்டும் வெட்சூட் என்னும் ரப்பர் உடை காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இந்தியக் கடற்கரையில் பெரும்பாலும் பொய்த்துவிடும். ஏனெனில், உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீரின் வெப்பம் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அமெச்சூர்கள் அதை அணியக் கூடாது. எனவே துணையோடும், இடுப்பில் கட்டும் வண்ண மிதவையோடும், அவ்வுடை இல்லாமல் திறந்த நீரில் பலமுறை நீந்திப் பழகுவதே உண்மையான தயாரிப்பு. மூச்சுத்திணறலும் இருமலும் இளஞ்சிவப்பு நுரையும் தோன்றினால், நுரையீரலில் நீர் கோக்கும் நிலை உருவாகிறது எனக் கொண்டு உடனே நீச்சலை நிறுத்த வேண்டும். கையை உயர்த்தி உதவி கோருவதும், முன்னேறாத வகையில் மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து இளைப்பாறுவதும் விதிகள் அளிக்கும் உரிமை. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

சைக்கிளைப் பொறுத்தவரை, விலையைவிட உடலளவுக்கேற்ற இருக்கை உயரமும், சோதிக்கப்பட்ட பிரேக்கும், தரமுத்திரை பெற்ற ஹெல்மெட்டும் முக்கியமானவை. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், உள்ளிருக்கும் நுரைப்பகுதி நசுங்கியிருக்கக்கூடும் என்பதால் மாற்றப்பட வேண்டும். ஓட்டத்தின்போது தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதும் ஆபத்தே: இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இறங்கும் நிலை, 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களுள் 13 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அது முற்றினால் குழப்பமும் வலிப்பும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். சிலவகை வலிநிவாரணி மாத்திரைகளை முன்கூட்டியே விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு விளைவிக்கலாம்; இந்நிலை உண்டாகும் ஆபத்தையும் கூட்டலாம்.

கட்டணம் பெற்றுப் போட்டி நடத்துபவர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவை வழங்குபவராகக் கருதப்படலாம். மீட்புப் படகுகள் எத்தனை, மருத்துவக் குழுவும் இதயத்துடிப்பை மீட்கும் கருவியும் எங்கே, காப்பீடு எதற்கெல்லாம் பொருந்தும், போட்டி ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது பங்கேற்பாளரின் உரிமை. ‘என்ன நேர்ந்தாலும் அமைப்பாளர் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபட்டுவிடாது. நுகர்வோருக்குப் பெரிதும் பாதகமான ஒப்பந்தங்களை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என அச்சட்டமே வரையறுத்து, அவற்றைப் பற்றிய முறையீட்டை மாநில ஆணையத்தில் அளிக்க இடம் தருகிறது. குறைபாடுள்ள சாதனத்தால் காயம் நேர்ந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கோரவும் சட்டம் வழிவகுக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதல் ஆலோசனை பெறலாம்; வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால் பில், மின்னஞ்சல், மருத்துவ அறிக்கை, உடைந்த பொருள் ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

எனவே டிரையத்லானில் இறங்க விரும்புவோர், புதிய சைக்கிளின் விலையை விசாரிக்கும் முன்பு, இதயப் பரிசோதனைக்கும் நீச்சல் பயிற்றுநருக்கும் முதல் செலவை ஒதுக்கி, பாதுகாப்பு ஏற்பாடுகளை எழுத்தில் தெரிவிக்க மறுக்கும் போட்டியில் பெயர் கொடுக்காமல் இருக்க வேண்டும்.