அப்பாவுக்குப் பல் செட்: 12,000 ரூபாயா, 1,20,000 ரூபாயா? எப்படி ஒப்பிடறது?

வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க வீட்டில் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. அப்பா முதல்ல முறுக்கை நிறுத்துவார். அப்புறம் சப்பாத்தி. அப்புறம் கறி. கேட்டா, "ரசம் சாதம் போதும்ப்பா, வயசாயிடுச்சு"ன்னு முடிச்சுடுவார். விடாம கிளினிக் கூட்டிட்டுப் போனா, முழு பல் செட்டுக்கு ஒருத்தர் 12,000 சொல்வார், அடுத்த தெருவில் 25,000, பெரிய ஆஸ்பத்திரியில் "இம்ப்ளான்ட் வெச்சுடலாம், 1,20,000". இந்த மூணு தொகையும் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஊர் ரேட்டை அந்த இடத்தில் போட்டுக்கோங்க.

இவ்வளவு வித்தியாசம் பார்த்ததும் யாரோ ஏமாத்தறாங்கன்னு தோணும். ஆனா பெரும்பாலும், மூணு பேரும் மூணு வேற பொருளுக்கு விலை சொல்றாங்க. அதனால விலையை ஒப்பிடறதுக்கு முன்னாடி பொருளைக் கொஞ்சம் பார்த்துடலாம்.

மேல் செட்டும் கீழ் செட்டும் ஒண்ணு இல்ல

சாதாரண முழு செட்னா அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். மேல் செட் அண்ணம் முழுக்கப் படிஞ்சு உட்காரும். எச்சில் ஈரத்தில் ஒட்டிப் பிடிச்சுக்கும். கீழ் செட் லாடம் மாதிரி வளைஞ்ச குறுகலான துண்டு. பிடிமானத்துக்கு இடம் கம்மி, நாக்கு வேற தள்ளிக்கிட்டே இருக்கும். "பல் செட் ஆடுது"ன்னு சொல்றவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் கீழ் செட்டைத்தான் சொல்வாங்க.

2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடின பல் மருத்துவ நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு ரெண்டு இம்ப்ளான்ட் வெச்சு, அதன் மேல் கழற்றி மாட்டும் செட் போடறதையே முதல் தேர்வா வெக்கணும்னு சொன்னாங்க. இதில் நமக்குக் காசு மிச்சமாகிற விஷயம் ஒண்ணு இருக்கு. அவங்க பேசினது கீழ்த் தாடையை மட்டும். 'மேலேயும் கீழேயும் இம்ப்ளான்ட்'னு கொட்டேஷன் வந்தா, "மேல சாதாரண செட், கீழ மட்டும் ரெண்டு இம்ப்ளான்ட் போட்டா எவ்வளவு?"ன்னு தனியா கேளுங்க. சர்க்கரை அளவு, எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் டாக்டர் சரின்னு சொல்வார். ஆனா கேள்வியை நீங்கதான் கேட்கணும்.

சரி, 12,000-க்கும் 25,000-க்கும் என்ன வித்தியாசம்? பல்லோட தரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் டாக்டரோட நேரமும் லேப் வேலையும். ஒழுங்கா பண்ற செட்டுக்கு அஞ்சு விசிட் வரை ஆகும்: முதல் அளவு, துல்லியமான ரெண்டாவது அளவு, தாடை எங்க கூடுதுன்னு பார்க்கிறது, மெழுகில் பல் அடுக்கி வாயில் வெச்சுப் பார்க்கிறது, கடைசியா மாட்டறது. இதில் மெழுகு ட்ரையலை விட்டுடாதீங்க. பல் பெருசா இருக்கு, சிரிச்சா கோணலாத் தெரியுது, பேச்சு குழறுதுன்னா அப்போ மாத்தறது சுலபம். பிளாஸ்டிக்கா வார்த்ததுக்கு அப்புறம் மாத்தணும்னா கிட்டத்தட்ட புது வேலை. "ரெண்டே விசிட்ல முடிச்சுடலாம்"னு யாராவது சொன்னா, எந்த விசிட்டைக் குறைக்கிறாங்கன்னு கேளுங்க.

வருஷத்துக்கு எவ்வளவு?

பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ஞ்சுக்கிட்டே போகும். அதனால எந்தச் செட்டும் கொஞ்ச வருஷத்தில் லூஸ் ஆகும். உள்பக்கம் புதுசா பிளாஸ்டிக் ஏத்தி இறுக்கமாக்குவாங்க, இதுக்கு ரீலைன்னு பேரு. அஞ்சிலிருந்து ஏழு வருஷத்தில் செட்டையே மாத்த வேண்டி வரலாம். இதையும் சேர்த்துப் பார்ப்போம்.

12,000 செட், நடுவில் ஒரு ரீலைன் 4,000, அஞ்சு வருஷம் ஓடுச்சுன்னா வருஷத்துக்கு 3,200 ரூபாய். 25,000 செட், ரீலைன் 5,000, ஆறு வருஷம்னா வருஷத்துக்கு 5,000. இம்ப்ளான்ட்டுக்கு 1,20,000. அதில் பிடிச்சு வெக்கிற சின்ன வளையம் தேயும், மாத்த வருஷம் 3,000 வெச்சுப்போம். ஏழாவது வருஷம் மேலே இருக்கிற செட்டை மாத்த 20,000. பதினாலு வருஷத்துக்கு மொத்தம் 1,82,000, அதாவது வருஷத்துக்கு 13,000.

பத்து மடங்கா தெரிஞ்ச வித்தியாசம் நாலு மடங்கா சுருங்கிடுச்சு. அதுக்காக எல்லாரும் இம்ப்ளான்ட்டுக்குப் போகணும்னு நான் சொல்லல. 78 வயசு அப்பாவுக்குப் பதினாலு வருஷத்தால வகுத்துப் பார்க்கிறதில் அர்த்தம் குறைவு. அதே நேரம், புண்ணாகுதுன்னு ஒரே மாசத்தில் கழற்றி டம்ளர் தண்ணியில் போட்ட 12,000 ரூபாய் செட்டுக்கு வருஷக் கணக்கே கிடையாது. அது முழு நஷ்டம், அப்பாவும் ரசம் சாதத்துக்கே திரும்பிடுவார். மாட்டின பிறகு புண் வர்ற இடத்தைத் தேய்ச்சுச் சரி பண்ண மூணு நாலு தடவை போக வேண்டியிருக்கும். அந்த விசிட்டெல்லாம் விலையில் அடங்குமான்னு எழுதி வாங்கிக்கோங்க.

இன்னொரு இடத்திலயும் காசு வீணாகும். பல்லைப் பிடுங்கின முதல் சில மாசத்தில்தான் எலும்பு வேகமா சுருங்கும். பிடுங்கின அன்னிக்கே மாட்டற செட்டைத் தற்காலிகமா நினைச்சு, விலை கம்மியா வாங்குங்க. நல்ல செட்டுக்கான பணம் ஆறின பிறகு. கீழே கோரைப் பல் ரெண்டு ஓரளவு உறுதியா இருந்தா, "மொத்தமா எடுத்துடலாம்"னு சொல்றதுக்கு இன்னொரு டாக்டர்கிட்டயும் கருத்து கேளுங்க. அந்த வேர்களை வெச்சுக்கிட்டே மேல செட் போட முடியும், அந்த இடத்து எலும்பும் நிக்கும்.

பணம் எங்கிருந்து?

ஆபீஸ் இன்சூரன்ஸை நம்பாதீங்க. விபத்து மாதிரி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலை இருந்தாத்தான் பெரும்பாலான பாலிசி பல் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும். பல் செட் அதில் வராது.

'நோ காஸ்ட்' இஎம்ஐ-ன்னா முதல்ல "மொத்தமா கட்டினா எவ்வளவு குறைப்பீங்க?"ன்னு கேளுங்க. குறையிற தொகைதான் நீங்க கட்டப்போற வட்டி. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு இல்லைன்னு ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிடுச்சு. பிராசசிங் கட்டணமும் அதுக்கு 18% ஜிஎஸ்டியும் தனி.

வரியில் ஒரு வழி உண்டு. பெற்றோருக்கு 60 வயசு தாண்டி, அவங்களுக்கு ஹெல்த் பாலிசி இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவை 80டி பிரிவில் 50,000 வரை நீங்க கழிக்கலாம். பழைய வரி முறையில் இருக்கணும், ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. 20% வரி கட்டறவங்களுக்கு 30,000 ரூபாய் பில்லில் செஸ்ஸோட 6,240 மிச்சம். "கேஷா கொடுத்தா ஆயிரம் குறைக்கிறேன்"னு கிளினிக்கில் சொன்னா இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க. புதிய வரி முறையில் இருக்கீங்கன்னா ஆயிரத்தை வாங்கிக்கிட்டு, பில்லையும் மறக்காம வாங்கிடுங்க.

கையில் பணம் கம்மின்னா பல் மருத்துவக் கல்லூரிகள் நல்ல வழி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, தனியார் கல்லூரிகளும் நிறைய. மாணவர்கள் பண்ணுவாங்க, பேராசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். செலவு குறையும், நாள் கூடும். உங்க லீவையும் ஒரு செலவா எழுதிக்கோங்க. நீங்க பெங்களூருல, அப்பா திருநெல்வேலியிலன்னா, தீபாவளி லீவு நாலு நாளில் முடிச்சுடலாம்னு திட்டம் போடாதீங்க. அவர் தனியா பஸ் ஏறிப் போய் வரக்கூடிய தூரத்தில் கிளினிக் பாருங்க.

பணத்தையும் பிரிச்சுக் கட்டுங்க: அளவு எடுக்கும்போது பாதி, மெழுகு ட்ரையல் பிடிச்ச பிறகு இன்னொரு பகுதி, மிச்சம் செட் மாட்டி ரெண்டு வாரம் கழிச்சு அப்பா சப்பாத்தி சாப்பிட்டுப் பார்த்த பிறகு.